பாதரசம் அற்ற கிடங்கு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், அயனம்பாக்கம் ஏரிக்கரை மருந்துக் கிடங்கு, ஆயுத பூஜை நன்னாளாம் இன்று மாலை நான்கு மணி முதல், பாதரசம் அற்ற வளாகமாகப் பிரகடனம் செய்யப்படுகிறது.

பிரகடனம் செய்த பெரிய அதிகாரி பொரிப் பொட்டலத்தோடு காரேறிவிட்டார். உடைந்த தெர்மாமீட்டர்களிலிருந்தும் பழைய ரத்த அழுத்தக் கருவிகளிலிருந்தும் சேர்த்த ஒரு பாட்டில் பாதரசம் மட்டும் கிளம்பவில்லை. அதை ஏற்றிப்போகும் லாரி, போனில் கேட்கும்போதெல்லாம், மூன்று வாரமாக வேலப்பன்சாவடியைத் தாண்டிக்கொண்டே இருந்தது.

கிடங்குப் பொறுப்பாளர் ரேணுகா, மழையில் நனைந்த மகள் தேவிப்பிரியாவைத் துப்புரவுப் பணியாளர் ஜெகதாம்பாளிடம் விட்டுவிட்டு, பொரியை மென்றபடி சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். அப்போதுதான் கவனித்தாள். தங்க மோதிரம் ஒரு பக்கம் வெளுத்திருந்தது.

தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. ஈரக் கோப்புகளின் பூஞ்சை வாடையும், நசுங்கிய வாழைப்பழத்தின் புளிப்பும், எங்கிருந்தோ கசிந்த சாம்பிராணிப் புகையும் ஒன்றாகத் தொண்டையில் இறங்க, நாக்கில் பழைய சில்லறையை நக்கியதுபோல் ஒரு ருசி ஊறியது. பொட்டலத்தை விளக்கருகே பிடித்தாள். பொரிகளுக்கு நடுவே பளபளவென்று ஏதோ உருண்டது.

துப்பினாள். எச்சிலிலும் ஒரு மினுக்கம்.

பாட்டில் காலி.

"ஜெகதாக்கா, இதுல இருந்தது எங்க?"

"இன்னா மேடம் இப்டி பதர்றே? நம்ம ஆபீசு ஆயுதம் அதானேன்னு தட்டுல ஊத்தி, பொட்டு வெச்சு, பூ வெச்சேன். பெரிய சாரு கை பட்டு பொரி மேல கொட்டிடுச்சு. மேலாப்ல நல்ல பொரியப் பொட்டலம் கட்டிட்டு, மிச்சத்தக் கூட்டி வாரினேன்."

"வாரி?"

"சாமிக்கு வெச்சத குப்பைல போடுவாங்களா? சாம்பிராணித் தணல்ல போட்டேன்."

"பாப்பா எங்க?"

"தலை ஈரமா கீது இல்ல? உள்ள புகை காட்டிகினு கீது."

உள் அறை. சாத்திய கதவு. ஜன்னலும்.

புகை. தணல்மேல் கவிழ்த்த கூடை. கூடைமேல் விரித்த கூந்தல். தேவிப்பிரியா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"அம்மா, நல்லா இழுத்து மோந்தா சளி போயிடும்னு ஆயா சொன்னாங்க."

இழுத்தாள். நீளமாக.

மகளின் கழுத்துத் தங்கச் சங்கிலி வெளுத்திருந்தது. ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு வெள்ளிப் பொட்டு. நடுங்கியது. உதிரவில்லை.

மேசையில் கிடந்த சான்றிதழில் "கிடங்கில் பாதரச இருப்பு: இல்லை" என்று எழுதியிருந்தது. அது உண்மைதான்.