சும்மா கிடைத்த சேலை

காலையில் கஸ்தூரி நீவிச் சரிசெய்துவிட்டுப் போன தூளி, மத்தியானம் சோறு வடித்துவிட்டு வந்து பார்க்கும்போது நடுவில் குழிந்திருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு, யாரையோ உள்ளே படுக்க வைத்து இப்போதுதான் தூக்கியது போல. எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அறை வாசலிலேயே நின்றாள். வெளியே புழுதி பறக்காத வெயில், ஜன்னலில் பழைய லுங்கியில் தைத்த திரை அசையவில்லை, தூரத்தில் அண்ணனூர் பணிமனைக்குப் போகும் காலி ரயில் நீளமாக ஊதியது. தூளிக்கு மேலே சைக்கிள் வளையத்தில் அவள் புருஷன் ரகுநாதன் கட்டித் தொங்கவிட்டிருந்த உடைந்த வளையல் துண்டுகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, அவள் பார்க்கப் பார்க்க அடங்கின. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். கையை உள்ளே விட்டு மறுபடி நீவினாள். துணி கதகதப்பாக இருந்தது. மே மாத ஆவடியில் எதுதான் சூடாக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

குவார்ட்டர்ஸில் சாமான் போட்டு வைக்கும் பின்னறை அது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ரகுநாதனுக்கு அதைக் குழந்தைக்கென்று அலங்கரிக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து தொற்றியதோ தெரியாது. அதிகாரி வீட்டில் மின்விசிறி மாட்டப் போனபோது அங்கே குழந்தைக்குத் தனி அறை இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தான். அவ்வளவுதான். காண்டிராக்டர் மிச்சம் விட்டுப்போன டிஸ்டெம்பர் ரோஸில் அரை டப்பாவும் பச்சையில் அரை டப்பாவும் கிடைக்க, இரண்டையும் கலந்து சுவருக்கு அடித்தான். சேற்று நிறம் வந்தது. பழைய ஜாதிக்காய்ப் பெட்டிப் பலகையை அறுத்து அலமாரி செய்தான். எத்தனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் பெட்டியின் கறுப்பு எண்கள் போகவில்லை. ஃபியூஸ் போன பல்புகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசி மாம்பழம் என்றான். பக்கத்து வீட்டுக்காரிகள், பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்று சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"வாங்கினாத்தானே தோஷம்? இதுல ஒண்ணாவது வாங்கினதா? எல்லாம் சும்மா கிடைச்சது" என்றான், ஏதோ யமனையே சட்டம் பேசி மடக்கிவிட்டவன் மாதிரி.

கஸ்தூரிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவனை விட்டால் யார்? இவனைக் கட்டிக்கொண்டதற்காகத் திருத்தணியில் பெற்றவர்கள் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். வளைகாப்பு இல்லை. பிரசவத்துக்கு வா என்று ஒரு கார்டு இல்லை. தூளி கட்ட அம்மாவின் பழைய சேலை வேண்டும். அது இல்லையென்றால், பிள்ளை நன்றாக வளர்ந்த வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். ஊராக இருந்தால் எந்த வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கலாம். இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டில் மதுரைக்காரர், எதிரில் சேலத்துக்காரர், யார் வீட்டில் யார் பிழைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. போய்க் கேட்டால், அம்மா தரலையா என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை வாங்க அவளுக்கு மனசில்லை.

அப்போதுதான் பரணில் அந்தச் சேலை கிடைத்தது. இந்த வீட்டில் முன்பு இருந்து ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போன குடும்பம் விட்டுப்போனது. அரக்கு நிறச் சுங்குடி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். வசம்பு வாசனை, பால் வாசனை. பிள்ளை வளர்ந்த சேலைதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கூரையில் இரும்புக் கொக்கிகூடத் தயாராக இருந்தது. ரகுநாதன் கொசுவலைக் கம்பை வெட்டித் தொட்டில் கம்பாக்கி அன்றைக்கே கட்டிவிட்டான்.

ஜூன் கடைசியில் பெண் பிறந்தது. இரண்டேமுக்கால் கிலோ. பதினொன்றாம் நாள் ரகுநாதன் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போய்த் தூளியில் விட்டான். முதுகு துணியில் பட்டதும் அது வீறிட்டது. தேள் கொட்டியது போல் உடம்பை வளைத்தது.

"புது இடம், பழகிடும்" என்றான்.

பழகவில்லை. கஸ்தூரி பக்கத்தில் பாயில் போட்டால் தூங்கியது. சமைக்கவும் துவைக்கவும் வேறு வழியில்லாமல் தூளியில் விட்டால், கொஞ்ச நேரம் அழுது, பிறகு சட்டென்று நிறுத்திவிடும். திரும்ப எடுக்கும்போதெல்லாம் முகம் வெளுத்திருக்கும். அதைவிட, கொக்கியின் சத்தம் அவளை அரித்தது. காலித் தூளி லேசாகக் கிறீச்சிடும். பிள்ளை கிடக்கிற தூளி அடித்தொண்டையில் முனகும். பிள்ளை பெற்ற எவளுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். பிள்ளையை எடுத்துப் பாயில் கிடத்திய பிறகும் பின்னறையிலிருந்து வந்தது அந்த முனகல்தான். அது வரும்போதெல்லாம் அவள் மார்பு கடுத்து, ரவிக்கை நனைந்தது.

பதினைந்தாம் நாள் டிஸ்பென்சரித் தராசில் பிள்ளை இரண்டரை கிலோ காட்டியது. ஒரு மாதத்தில் இரண்டேகால்.

"பால் குடுக்கறியா, இல்ல படுத்துத் தூங்கறியா?" என்று கேட்டாள் நர்ஸ், வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழ. "நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. சீட்டு எழுதித் தர்றேன்."

பால் இல்லையா? இரண்டு துண்டு பிழிகிற அளவுக்கு இருந்தது. யாருக்குப் போகிறது என்றுதான் தெரியவில்லை. கஸ்தூரி வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அவமானத்துக்குப் பாதி, பயத்துக்குப் பாதி.

குழந்தையைக் குளிப்பாட்ட அண்ணனூரிலிருந்து வரும் கன்னியம்மா அன்று மத்தியானம்தான் வந்தாள். இந்த குவார்ட்டர்ஸில் பல பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள், பிள்ளையை வாங்கியதும் முகம் சுருங்கினாள்.

"இன்னாமா இது, காயிதம் மாரி கீது? நா போசொல நல்லாத்தான கீந்துச்சு?"

தண்ணீர் ஊற்றிச் சாம்பிராணி காட்ட, எப்போதும் முன்னறையிலேயே முடிக்கிறவள், அன்றைக்குக் காற்றுக்காகப் பின்னறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே போகவில்லை. சாம்பிராணிக் கரண்டியை வாசற்படியிலேயே கீழே வைத்தாள்.

"அந்தச் சேல உனக்கு யாரு குட்தாங்க?"

"பரண்ல இருந்தது. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. ஏன் கன்னியம்மா?"

"ஐயோ பொண்ணே." பிள்ளையை அவசரமாக கஸ்தூரியிடம் நீட்டினாள். "அந்த ஊட்டுப் புள்ளயயும் நான்தான் குளிப்பாட்னேன். எட ஏறவேல்ல. எத்தினி டாக்டரு, எத்தினி மந்திரம். மூணாம் மாசம் இந்தத் தூளிலயே... ஒரு சாமான் வுடாம ஏத்திகினு போனவங்க, இத்த மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டுப் போனாங்கன்னு நீ ரோசன பண்ண வேணாமா?"

"யாரும் சொல்லலையே" என்றாள் கஸ்தூரி. தன் குரலே சின்னப் பிள்ளையின் குரல் போல் கேட்டது.

"நீ யாரன்னா கேட்டியா? உங்கூட்டுக்காரரு வரட்டும். அவுத்து எரிச்சுடச் சொல்லு. நீ கை வைக்காத. பச்சப் புள்ளக்காரி."

கன்னியம்மா போய்விட்டாள். கஸ்தூரி பின்னறைக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். பிள்ளையைப் பூத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முன்னறைச் சுவரில் முதுகை ஒட்டி, வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். மணி மூன்றரை. ஐந்துக்குத் தொழிற்சாலைச் சங்கு. ஐந்தேகாலுக்கு அவன் வந்துவிடுவான். சேலையை எரித்துவிட்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளை தேறிவிடும். தேறத்தான் வேண்டும். இதுவும் இல்லையென்றால் திருத்தணியில் இருப்பவர்கள் சொன்ன சாபமெல்லாம் சரி என்றாகிவிடும். அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

சாம்பிராணிப் புகை அடங்கியதும் வேறு வாசனை வந்தது. வசம்பு. புளித்த பால்.

கொக்கி முனகியது.

போய்... வந்து. போய்... வந்து.

யாரும் ஆட்டவில்லை. வளையல்கள் கிணுகிணுத்தன. ரவிக்கை நனைய ஆரம்பித்தது. கஸ்தூரி அவசரமாகப் பிள்ளையின் வாயை மார்பில் வைத்தாள். உதடுகள் அசையவில்லை. கன்னத்தைத் தட்டினாள். "குடி பாப்பா. குடிடா கண்ணு. எனக்காகக் குடி." பால் அதன் கடைவாயில் வழிந்து துண்டில் இறங்கியது.

பின்னறையில் ஒரு சிணுங்கல்.

பிறகு அழுகை. பசி அழுகை. கொழுத்த, உரத்த அழுகை.

எழுந்து ஓட வேண்டும். அந்த அழுகைக்கு அவள் உடம்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவளைக் கேட்காமல். கைகூட மெல்ல ஆட ஆரம்பித்திருந்தது, தொட்டில் கயிறு கையில் இருப்பது போல. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள்.

மடி லேசாகிக்கொண்டே வந்தது.

குனிந்து பார்க்கக் கூடாது. பார்க்காதவரை இருக்கிறது.

சங்கு ஊதியது. அவள் எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து.

சைக்கிள் சத்தம். வாசலில் இல்லை. கொல்லைப்புறம். மழை வரும் போலிருந்தால் அவன் சைக்கிளைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவான். பின்னறைக்குக் கொல்லைப் பக்கமும் ஒரு கதவு உண்டு.

"உள்ள போகாதீங்க!" கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது. அழுகை சட்டென்று நின்றது.

"என் ராசாத்தி! தனியா விட்டுட்டாளா உங்கம்மா?" ரகுநாதனின் குரல். கொஞ்சல். சிரிப்பு. பிறகு, "அடேயப்பா! கஸ்தூரி, எவ சொன்னா எடை ஏறலைன்னு? ஒரு கையால தூக்க முடியல!"

அவள் போட்ட தாழ்ப்பாள் தானாக விலகியது. அவன் வந்தான். தோளில் சாப்பாட்டுப் பை, முகமெல்லாம் பெருமை, இரண்டு கையிலும் அரக்குச் சுங்குடியில் சுற்றியது. கொழுகொழுவென்று ஒரு கால் வெளியே தொங்கி உதைத்தது.

அவளைப் பார்த்து நின்றான். அவள் மடியைப் பார்த்தான்.

"இது பசியில துடிக்குது. நீ என்ன, வெறும் துண்டை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க?"

கஸ்தூரி துண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கினாள். அது கைக்குள் மடிந்து ஒடுங்கியது.

"இந்தா, பிடி" என்று ரகுநாதன் குனிந்து, கையிலிருந்ததை அவள் மடியில் வைத்தான். மடி கனத்தது. அது ஈர ரவிக்கைப் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தது.