அண்ணன் விட்டுப்போன லென்ஸ்

பகல் மூன்று மணிக்கு அவன் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான். அண்ணன் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. கதவைத் திறந்த அண்ணி "வாங்க" என்று சொல்லவில்லை.

"லென்ஸ் அலமாரில இருக்கு தம்பி. உங்களுக்குத்தான்னு எழுதி வச்சிருக்கார்."

அறைக்குள் இன்னும் டெட்டால் வாசம். அண்ணன் நோயில் கிடந்த கட்டிலை யாரும் மடக்கவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பதினோரு மாதம் அண்ணி அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பதினோரு மாதமும் போனில் "நாளைக்கு வந்துடறேன்ணே" என்று சொன்னவன் அவன். ஸ்டுடியோவில் தலைக்கு மேல் வேலை என்பான். உண்மையில், உருகிப்போன அந்த உடம்பைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

லென்ஸ் அறுபது வருடப் பழசு. கல்லைப் போல் கனத்தது. மெழுகுவர்த்தி வெளிச்சமே அதற்குத் தாராளம். ஆனால் அதன் துவாரத்தை முழுசாகத் திறந்து படம் எடுத்தால் ஒரு கண் தெளிவாக விழும், மற்றக் கண் புகையாகிவிடும். அவ்வளவு மெல்லிய ஃபோகஸ்.

அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது செய்தாக வேண்டும். பையிலிருந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸை மாட்டினான்.

"அண்ணி, அந்த நாற்காலில உக்காருங்களேன். ஒரே ஒரு படம். சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்."

அவள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள்.

கேமராவின் கண்ணாடிக்குள் அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. ஃபோகஸ் ஆகும்வரை அந்த வகைக் கேமராவில் எல்லாமே அப்படித்தான் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தினான்.

திரையில் அவள் முகம் பஞ்சுபோல் மங்கலாக இருந்தது. பின்னாலிருந்த தலையணையின் நூல் மட்டும் இழை இழையாகத் தெரிந்தது.

பழைய லென்ஸ், புது கேமரா. ஒத்துப்போக நாளாகும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி எடுத்தான்.

இம்முறையும் தலையணைதான். ஆனால் அதன் நடுவில் ஒரு பள்ளம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தலையணை தட்டையாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அசையாதீங்க."

மூன்றாவது படம். கட்டில் விளிம்புக்குக் கீழே, தரையில் ஊன்றிய ஒரு கால். வீங்கிய கால். நகங்கள்கூடத் துல்லியமாக இருந்தன.

நிறுத்தியிருக்கலாம்.

அவன் நிறுத்தவில்லை.

நான்காவதில் அண்ணன் நாற்காலிக்கு முன்னால் நின்றான். ஒட்டிய கன்னம், வெடித்த உதடு, கலைந்த முடி, எல்லாம் தெளிவு. அண்ணி அண்ணனுக்குப் பின்னால் வெறும் நிழல்.

"அண்ணே..." என்றான்.

அண்ணி எழுந்து வந்து கேமராவைப் பிடுங்கினாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதைக் கேட்க அவனுக்கு, படத்தில் அண்ணனைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது.

"என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல பாருங்க."

"அண்ணி..."

"பீ மூத்திரம் அள்ளினது நான். ராத்திரி பகலா முழிச்சிக் கெடந்தது நான். அப்பவும் வாசலையேதான் பாத்துக்கிட்டிருந்தார். செத்தும் உங்களைத்தான் பாக்குறார்."

கேமராவை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி. எனக்கு வேணாம்."

அவன் லென்ஸைக் கழற்றிக் கட்டில் மேல் போட்டான். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். நல்ல வெயில், எல்லா விளக்கும் எரிந்தது. அதே கேமராவில் இப்போது அவனுடைய சொந்த லென்ஸ், போன வருடம் புதிதாக வாங்கியது.

டீச்சரின் முகம் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினான். ஒன்றானது.

அழுத்தப் போகும் நேரத்தில், வளையம் கொஞ்சம் நகர்ந்தது.

அவன் திருப்பவில்லை.

முகம் மறுபடி இரண்டாகப் பிரிந்தது. அவன் விரலுக்கு மேல் குளிர்ந்த, எலும்பும் தோலுமான இன்னொரு விரல் அமர்ந்து, வளையத்தை நிதானமாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

"சார், எடுத்தாச்சா?" என்றார் டீச்சர்.

ஃபோகஸ் அவரை விட்டு விலகி, அவனை நோக்கி வந்துகொண்டே இருந்தது.