எட்டாம் வசனத்துக்குப் பிறகு

"வலிக்குதாட்டி?"

"இல்ல, குளிருது. நீ செருகு."

பியூலா மின்முனையை ஜெபக்கனியின் காதுக்குப் பின்னாலிருந்த துளையில் செருகினாள். செவ்வாயின் சுரங்க நகரமான புதிய நாசரேத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை இப்படித்தான் தொடங்கும். ஒரு சூரியப் புயலில் ஊரின் கணினிகளெல்லாம் எரிந்துபோக, ஆட்களின் எலும்பில் பதித்த சில்லுகள் மட்டும் தப்பின. அன்றிலிருந்து அழியக்கூடாத நூல்களை ஆட்களின் தலைக்குள் வைத்துவிட்டார்கள். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்திகளுக்கு நான்கு சுமப்பாளர்கள். நினைவுச்சில்லு வரிகளை ஊட்டும், வாய் சொல்லும். ஜெபக்கனி மாற்குவைச் சுமந்தாள். பியூலா அவளுடைய ஒப்புநர். எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டு, பிழையில்லை என்று கைரேகை வைப்பவள்.

ஒன்றரை மணி நேரம் ஓதி, கடைசி அதிகாரத்தின் எட்டாம் வசனத்துக்கு வந்தாள் ஜெபக்கனி. திறந்து கிடக்கும் இயேசுவின் கல்லறையைப் பார்த்த மூன்று பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயந்துபோய் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மிகப் பழைய பிரதிகளில் மாற்கு அங்கேதான் முடிகிறது. மீதிப் பன்னிரண்டு வசனங்கள் பின்னால் சேர்ந்தவை என்று பூமியின் அறிஞர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். ஜெபக்கனியின் சில்லும் அங்கேதான் நிற்கும். பதினோரு வருடமாக அவள் நாக்கு அந்த இடத்தில் நிற்க, பியூலா தண்ணீர்க் குவளையை நீட்டுவாள்.

இன்று நாக்கு நிற்கவில்லை. உயிர்த்தவர் காட்சி தந்தார், கட்டளையிட்டார், விண்ணுக்கு ஏறினார். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எல்லாம் அவள் வாயிலிருந்தே வந்தது.

"என்னட்டி இது? எப்பவும் இப்படியா முடியும்?"

"எப்பவும் இப்படித்தான்" என்றபடி பியூலா கட்டைவிரலைக் கைரேகைத் தகட்டில் அழுத்தினாள்.

ஜெபக்கனி கிட்டத்தட்ட நம்பிவிட்டாள். சில்லு ஊட்டியது சொந்த ஞாபகத்தைப் போலவே அவ்வளவு இதமாக இருந்தது. அப்போதுதான் பியூலாவின் முழங்கைப் பக்கம் நிறைந்தபடி இருந்த குவளை கண்ணில் பட்டது.

"எட்டாம் வசனத்துல நீ இதத் தொடவே இல்லயே. நான் நிறுத்த மாட்டேன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

பியூலா குவளையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"கேக்கிற சனங்க நட்சத்திரம் போடுதாங்கல்லா? மத்தேயுவுக்கு நாலரை. உனக்கு ரெண்டு. பாதியில நிக்குது, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நம்ம சபைப் பெருமன்றம் கூடி முடிவ மாத்திட்டாங்க."

"என் தலைக்குள்ள கை வைக்க என்ட்ட கேக்க வேண்டாமா?"

"கேட்டாங்களே. போன மாசம் உன் சில்லுக்குப் புதுப்பிப்பு வந்துச்சுல்லா? அறுபது பக்கம். நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கு. நீதான சம்மதம்னு அழுத்துன?"

ஜெபக்கனிக்கு நினைவு வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாவுக் கையின் சுண்டுவிரலால் அழுத்தியிருந்தாள். ஒரு வசனத்தில் வரும் ஒரேயொரு 'உம்'முக்காகப் பெருமன்றத்தில் இரண்டு மணி நேரம் வாதாடியவள் அவள். ஆனால் அந்த அறுபது பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் பூமியில் கைபேசி வைத்திருந்த அவளுடைய முன்னோர்களும் அப்படித்தான் அழுத்தினார்கள்.

"நான் படிக்கல. சரி. உனக்குத் தெரியும்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எங்க வீட்டுக்காரரு ஊருக்குக் காத்து செய்யுற கூடத்துல வேல பாக்காரு. அந்த வேல பெருமன்றத்துக் கையிலல்லா இருக்கு? பயமா இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல."

ஜெபக்கனி சிரித்தாள்.

"அந்த மூணு பொம்பளைங்களும் இதத்தாண்டி செஞ்சாங்க. அவங்களோட முடியுற கதைய மாத்த விட்டுட்டு, நீயும் அதையே செய்யுத."

அந்த முடிவு இப்போது எந்தச் சில்லிலும் இல்லை. இரண்டு பெண்களின் சாதாரண ஞாபகத்தில் மட்டும்தான் அது மிச்சம் இருந்தது. சுமப்பாளரின் வார்த்தை தனியாகச் செல்லாது, ஒப்புநரும் சபையின் முன் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். நாளை ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பெருமன்றம் இந்த மாதத்துக் கைரேகைக்கு முத்திரை வைத்துவிடும். அதன் பிறகு மாற்கு என்றைக்கும் இப்படித்தான்.

ஜெபக்கனி மின்முனையைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, பியூலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு எந்திரிச்சு நின்னு, 'இவ எட்டாம் வசனத்துலதான் நிறுத்துவா'ன்னு மட்டும் சொல்லுவியாட்டி?"