இரண்டு மாஃபி

"அந்த வீடு காலியா இருந்துச்சுன்னு போட்டுட்டுப் போங்கப்பா!"

"காலியா இல்ல ரோசலின். உள்ள ஏழு பேர் இருந்தாங்க."

"அம்பது வருஷம் ஆகப்போகுது. இப்ப யார் வந்து கேக்கப்போறா?"

"அவங்கதான் கேக்கறாங்க. தினம் மத்தியானம் கதவைத் தட்டறாங்க. நடந்தது நடந்தபடி புஸ்தகத்துல வரணும். வந்தாத்தான் நிறுத்துவாங்க."

அப்பாவும் மகளும் இங்கிலீஷ்ல போட்ட சண்டை இது. பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்த சிவசங்கரன் தன் காதுல விழக்கூடாதுன்னுதான் நினைச்சான். ஆனா நடுவுல ஒரே ஒரு கதவு.

2004 ஆகஸ்ட், ஷார்ஜா. பக்கத்துல துபாய் அல் குசைஸ்ல அவன் வேலை பார்த்த டைப்பிங் சென்டரை மூடினதும் இந்த வில்லாவுல வேலை கிடைச்சுது. அந்த அப்பாதான் தொரை, கேசட்ல தன் வாழ்க்கையைப் பேசி வைப்பார். இவன் ஹெட்ஃபோன்ல கேட்டு டைப் அடிக்கணும்.

சாதாரணத் தொரை இல்ல, லார்ட் கில்ராய். அயர்லாந்துல ஊர்நிலத்தையெல்லாம் வளைச்சு வச்சிருந்த இங்கிலீஷ் பரம்பரை. அயர்லாந்துக்காரனுக்கு இவர் இங்கிலீஷ்காரர், லண்டன்காரனுக்கு அயர்லாந்துக்காரர். பத்தொம்பது வயசுல பட்டாளம், இந்தப் பக்கத்து மலையில கேப்டன், ஒரு மெடல், அந்த மெடலைக் காட்டி எலெக்ஷன், மந்திரி, மேல்சபை, கடைசியில மறுபடி இந்தப் பக்கமே வந்து, அரபியும் கத்துக்கிட்டு, மகளோட இந்த வில்லா. மொத ஆறு கேசட்டும் குதிரை, விருந்து, மேடைப்பேச்சுதான். இப்ப எண்பத்திமூணு வயசு. ஒரு வருஷமா படுத்த படுக்கை, தானா இறங்க முடியாது.

ஏழாவது, கடைசி கேசட்லதான் சண்டையே.

"மலையில ஒரு சின்ன கிராமம்" - கேசட்ல தொரை குரல் நடுங்குது. "துப்பாக்கி ஒளிச்சு வச்ச ஆளுங்களைத் தேடிப் போனோம். ஒரு வீட்டு வாசல்ல ஒரு பொம்பளை மறிச்சு நின்னு 'மாஃபி, மாஃபி'ன்னு அழுதா. எனக்கு அப்ப அரபி தெரியாது. கூட இருந்த சுபேதார் உருதுக்காரர். 'மன்னிப்பு கேக்கறா சார், அப்ப உள்ளதான் இருக்கானுங்க'ன்னார். அவளையும் உள்ள தள்ளி, வெளியிலேர்ந்து கதவைக் கட்டச் சொன்னேன். ஓலைக்கூரை. தீ வச்சோம். உள்ள ஒரு ஆம்பளையும் இல்ல. அவளும் அவளோட ஆறு பிள்ளைங்களும்தான். பெருசுக்கு ஒம்பது வயசு. மெடல் அதுக்குத்தான்."

சிவசங்கரன் டேப்பை நிறுத்திட்டான். கல்ஃபுக்கு வந்த மொத வாரம் பக்காலாவுல, அதான் மளிகைக்கடையில, அவன் சர்க்கரை கேட்டான். கடைக்காரர் 'மாஃபி'ன்னார். எதுக்கு மன்னிப்பு கேக்கறார்னு 'பரவால்ல பாய்'னுட்டு பையை நீட்டிக்கிட்டே நின்னான். கடையே சிரிச்சுது. ஹிந்தி, உருதுல மாஃபின்னா மன்னிப்பு, அரபியில மாஃபின்னா 'இல்லை'ன்னு அன்னிக்குத்தான் தெரியும். அவனுக்குச் சிரிப்பு கிடைச்சுது. இவருக்கு மெடல்.

சாயங்காலம் ரோசலின் மேடம் வந்தாங்க. "மிஸ்டர் சங்கர், ஒரே ஒரு வரி. 'வீட்டில் யாரும் இல்லை.' நாளைக்கே உங்க விசா பேப்பர்ல கையெழுத்து."

விசா முடிய இன்னும் பன்னெண்டு நாள்தான்.

ராத்திரி போறதுக்கு முன்னாடி தொரை அவன் கையைப் பிடிச்சார். "சொன்னபடி அடிச்சிட்டியா சங்கர்?"

"அடிச்சிட்டேன் சார்."

மறுநாள் அந்த அம்மா அச்சுக்குப் பேப்பரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிப் போயிட்டாங்க. சமையல்காரி ராக்கம்மா தட்டைக் கொண்டாந்து வச்சா.

"என்னண்ணே, களவாணிப் பய மாதிரி முழிக்கிறீய?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா சோத்தைத் தின்னுங்க. தொரை தூங்குறாரு. கூப்பிட்டா போய்ப் பாருங்க, நான் செத்த தலையைச் சாய்க்கிறேன்." பின்னாடி இருக்கிற தன் ரூமுக்குப் போயிட்டா.

வெளியில கண்ணைக் குத்துற வெயில், உள்ள கனமான திரையெல்லாம் இழுத்துவிட்டு சாயங்காலம் மாதிரி இருட்டு, ஏசி ஒரே சீரா உறுமிக்கிட்டு இருக்க, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தவன் மூக்குல மெதுவா ஒரு வாசனை ஏறுச்சு, காஞ்ச பேரீச்ச ஓலை கருகுற மாதிரி. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தான். அடுப்பு அணைஞ்சிருந்துச்சு. திரும்பி வந்து உக்காந்தான். வாசனை இப்ப கிட்டக்க இருந்துச்சு.

டொக்.

தொரை ரூம் கதவு. உள்பக்கம்.

தட்டுறவங்க கை இருக்கிற உயரத்துல இல்ல. கீழ. முழங்கால் உயரத்துல.

டொக். டொக்.

இன்னும் கீழ ஒண்ணு. கொஞ்சம் மேல ஒண்ணு. ஒரே நேரத்துல.

"சங்கர்!" தொரை குரல். தரையிலேர்ந்து வருது. "சங்கர், யாராவது இருக்கீங்களா?"

ஓடிப்போய்த் திறக்கணும். கால் நடந்துச்சு. கதவுகிட்ட வரைக்கும் போச்சு. கைப்பிடியைத் தொடல. பயம் இருந்துச்சுதான். ஆனா அதைவிட, அந்த மூஞ்சியை எப்படிப் பாக்கறது? நேத்து கையைப் பிடிச்ச மனுஷன். நெத்தியைக் கதவுல முட்டிக்கிட்டான். பத்து வருஷமா தப்பு பண்ணினா ஹிந்திக்கார முதலாளிங்க முன்னாடி தானா வர்ற வார்த்தைதான் வந்துச்சு.

"மாஃபி சார். மாஃபி."

தட்டல் நின்னுச்சு.

அப்புறம் தொரை, ரொம்ப மெதுவா, ஒரு கேள்வி மாதிரி, அரபியில:

"மாஃபி?"

யாரும் இல்லையா?

அப்பத்தான் இவனுக்கு உறைச்சுது. மன்னிப்பு கேட்டோம். அவருக்கு என்னவா கேட்டுச்சு?

"இல்ல சார், இருக்கேன்! இருக்கேன்!"

உள்ளேர்ந்து இருமல். ஒரு இருமல் இல்ல, பல இருமல், சின்னச் சின்னதா. அப்புறம் அதுவும் இல்ல.

கதவைத் தள்ளினான். பாதிக்கு மேல திறக்கல. தொரை குறுக்க கிடந்தார், கட்டில்லேர்ந்து எட்டடி தள்ளி. புகை இல்ல. தீ இல்ல. ஜில்லுன்னு ஏசி. ஆனா அவர் மூக்குத் துவாரம் ரெண்டுலயும் கரி. கதவோட உள்பக்கம் கரிக்கைத் தடம். முழங்கால் உயரத்துல, இடுப்பு உயரத்துல, ஆறு ஜோடி, எல்லாம் சின்னது. எல்லாத்துக்கும் கீழ ஒரே ஒரு பெரிய கை, தொரையோட மோதிரத் தடத்தோட.

ஆறு. அவன் மறுபடி எண்ணினான். ஆறுதான். அப்ப ஏழாவது ஆள்?

தலையைத் தூக்கினான். கட்டில் விளிம்புல மெத்தை அமுங்கியிருந்துச்சு, யாரோ உக்காந்திருக்கிற மாதிரி. அவன் பாக்கப் பாக்க அது மெதுவா மேல எழும்புச்சு. வெள்ளை டைல்ஸ்ல கரிக்கால் தடம் ஒண்ணு. அடுத்து ஒண்ணு. அவன் பக்கமா.

தொரைக்கு மாரடைப்புன்னு டாக்டர் எழுதினார். புஸ்தகமும் வந்துருச்சு, 'வீட்டில் யாரும் இல்லை'ன்னுதான் இருக்கு. அந்த வரியை அடிச்சது யாருன்னு சிவசங்கரன் இனிமேலாவது நாலு பேருக்குச் சொல்லணுமா, வேணாமா? படிச்சவங்க மனசுல பட்டதைக் கீழ எழுதுங்க. பதில் சொல்லாம மட்டும் போயிடாதீங்க.