மொக்கம்மாள் அழுத மகன்

அன்று மொக்கம்மாள் சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றவில்லை.

சூர்யகலா கை கழுவிவிட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கடைசி ஆளும் எழுந்த பிறகு, மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பது அம்மாவுக்கு மூச்சு விடுவது மாதிரி. வீட்டில் இருப்பதே இரண்டு பேர், இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்று. ஆனாலும் பானையில் சோறு உதிரியாக, சூடு ஆறாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்து வைத்து, அதன்மேல் தட்டைக் கவிழ்த்திருந்தாள்.

"என்னம்மா, தண்ணி ஊத்தலையா?"

"ஆளு சாப்பிடணும்ல" என்றாள் மொக்கம்மாள், பாயை உதறிக்கொண்டே.

"எந்த ஆளு?"

அம்மா காது கேட்காதவள் போல விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். வெளியே ஐப்பசி மழை ஓட்டின்மேல் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரக்காற்றில் எங்கோ மூட்டை பிரித்த ஏலக்காயின் வாசனை வந்து வந்து போனது. வயசாகிறது, மறதி, வேறொன்றுமில்லை என்று சூர்யகலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பா முகம் அவளுக்கு ஞாபகமில்லை. இந்த அம்மாதான் விடியுமுன்னே ஜீப்பேறி மலைக்குப் போய் ஏலக்காய் பறித்து அவளைப் படிக்கவைத்தவள். அம்மாவை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

பகலில் சூர்யகலா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுபவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டாளென்றால் வேறொரு ஊருக்கு அவள் பெரியமனுஷி. அந்த ஊர் ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் இருந்தது. பெயர் ஏலமலை. சுடுவது, துரத்துவது எதுவும் அங்கே கிடையாது. ஆளுக்கொரு வேஷம், அந்த வேஷத்தில் வாழ்வதுதான் விளையாட்டு. குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர் அங்கே பூசாரி. கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போகிற பெண் அங்கே பல்போன கிழவி. சிலமலை ஊர்க்காரன் அருண்பாண்டி அங்கே டீக்கடைக்காரன், மைக்கில் பாய்லர் சத்தம்கூடப் போடுவான்.

ஆரம்பத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஈ ஓட்டிய ஊர்தான். சண்டையைத் தீர்த்து, கோணல் பிடித்தவர்களை வெளியே தள்ளி, புதிதாக வருகிறவனுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்து, சூர்யகலாதான் அதை ஊராக்கினாள். சந்தை நடுவில் நின்றுகொண்டு, வேஷத்தை மறந்து "நெட்டு சிக்குது மாப்ளே" என்று கத்தினால் ஒரு வாரத்துக்கு ஊருக்குள் வரமுடியாது. செத்தால் செத்ததுதான், அதே ஆளாகத் திரும்ப வரக்கூடாது. இந்தக் கண்டிப்புக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள்.

போடியில் துணிக்கடையில் இருந்த யூனுஸ் அங்கே மலைச்சாமி என்கிற எஸ்டேட் காவலாளி. ஷார்ஜாவில் வேலை கிடைத்ததும், "இனிமே வரமுடியாதுக்கா, மலைச்சாமிய நல்லபடியா அனுப்பி வச்சுருங்க" என்றான். கரும்பு தின்னக் கூலியா? மலைச்சாமியை ஜீப்போடு பள்ளத்தில் உருட்டினார்கள். சாவு வீடு நிஜம் மாதிரி இருக்கவேண்டும் என்று சூர்யகலாவுக்கு வெறியே பிடித்துவிட்டது. குரங்கணி ரோட்டோரம் தான் குடியிருக்கிற ஓட்டு வீட்டையே, கொல்லைக் கதவு வரைக்கும் அப்படியே விளையாட்டுக்குள் கட்டி, அதுதான் மலைச்சாமி வீடு என்று அறிவித்தாள். ஒப்பாரிக்கு அம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். ராசிங்காபுரம் வரைக்கும் சொல்வார்கள், மொக்கம்மாள் அழுதால் எதிரிக்கும் கண் கலங்கும் என்று.

தலையில் ஹெட்செட்டை மாட்டியதும் அம்மா கேட்டாள். "எறந்தது யாரு?"

"மலைச்சாமின்னு ஒருத்தரு. நெசமில்லம்மா, வெளையாட்டு."

"அது கெடக்கட்டும். எனக்கு அவன் என்ன முறை? முறை தெரியாம எப்பிடி ஆத்தா அழுகுறது?"

ஏலமலை மொத்தமும் வாசலில் காத்துக்கொண்டு நின்றது. "மகன்னு வச்சுக்கம்மா, வெரசா" என்றாள் சூர்யகலா.

மொக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மலையேறிப் போன அப்பு மழையோட போன அப்பு
வாசல்படி காத்திருக்கேன் வந்துருடா நான் பெத்த மகனே..."

குவைத் பூசாரி மைக்கை அணைக்க மறந்து விம்மினார். சூர்யகலாவுக்கே உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் கன்னத்தில் வழிந்தது பொய்க் கண்ணீர் இல்லை.

பாடை கிளம்பியது. பாதி வழியில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பிவைக்க வேண்டும். செத்தவனுக்கு வீட்டு வழி மறக்கட்டும் என்பதற்காகச் செய்வது. இறக்கினார்கள். திருப்புவதற்குள் போடியில் கரண்ட் போனது. ஊரை ஓட்டிய கம்ப்யூட்டர் சூர்யகலா வீட்டில்தான் இருந்தது, ஆகவே ஏலமலையும் அணைந்துபோனது. மறுநாள் போய்ப் பார்த்தபோது ரோட்டில் பாடை மட்டும் கிடந்தது. மேலே ஆள் இல்லை. கரண்ட் போனதில் அழிந்திருக்கும் என்று நினைத்து, பாடையையும் அழித்துவிட்டாள். சாவு வீட்டுக்குக் கிடைத்த பாராட்டு மழையில் மிச்சச் சடங்கை யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றாத சோறு அதற்கு அடுத்த வாரம்.

காலையில் பானை காலி. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. நாய்க்குப் போட்டிருப்பாள் என்று சூர்யகலா நினைத்தாள். அன்று சாயங்காலம் ஏலமலைக்குள் நுழைந்ததும் அருண்பாண்டி பரபரத்தான்.

"அக்கா, மலைச்சாமி மலை மேல இருந்து எறங்கி வர்றாரு. ஆவி கதையா? சொல்லவே இல்ல. பயங்கரமா இருக்கு."

அவள் யூனுஸுக்குப் போன் போட்டாள்.

"நானா? அந்தக் கேரக்டர அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா" என்றான் அவன். "இங்க சோலி முடிஞ்சு படுக்கவே நேரம் பத்தல."

உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று பார்த்தாள். மலைச்சாமி என்று யாரும் இல்லை. பிறகு அவளே மலை ரோட்டில் ஏறிப் போனாள். மூன்றாவது வளைவில் அவன் தெரிந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டோரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். சேற்றில் ஒரு கால் வழுக்கியது. நின்றான். முழங்காலில் கையை ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினான். பிறகு மறுபடி நடந்தான். சூர்யகலாவின் விரல் மவுஸ்மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்த விளையாட்டில் நிற்பது உண்டு, நடப்பது உண்டு, ஓடுவது உண்டு. வழுக்குவதும் மூச்சு வாங்குவதும் கிடையாது. யாரும் செய்து வைக்கவில்லை.

நாளுக்கு நாள் அவன் கீழே வந்தான். அவள் தடுப்பு வைத்தாள், மறுநாள் அவன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். ரோட்டையே அழித்துப் பார்த்தாள், வெறும் பச்சைச் சரிவில் இறங்கினான். ஊர்க்காரர்களுக்கோ கொண்டாட்டம். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவளுக்கு அழுகை முட்டியது. யாரிடம் சொல்வது? சொன்னாலும், அக்கா வேஷத்தைக் கலைக்காமல் பேசுகிறாள் என்று கைதட்டுவார்கள்.

ஒரு சாயங்காலம் அவன் ஓடைப் பாலத்தருகே நிற்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துக்கிட்ட வந்துட்டான் போல" என்றாள் அம்மா, நிமிராமல். "கால் வலிக்கும் புள்ளைக்கு."

அம்மா இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது.

சூர்யகலா அவள் எதிரில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அம்மா, அவன் என் மகன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. வாய் விட்டுச் சொல்லு. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"பெத்த வாயால எப்பிடிச் சொல்றது?"

"நீ பெத்தது நான் ஒருத்திதாம்மா."

மொக்கம்மாள் அவளைப் பரிவோடு பார்த்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளை விழுந்து அழுதால் பார்ப்பாளே, அந்தப் பரிவு.

"அப்ப அத்தன கண்ணீரும் யாருக்கு அழுதேன்?" என்றாள்.

சூர்யகலாவால் அங்கே இருக்க முடியவில்லை. இந்த அம்மாவை மகன் என்ற ஒரு வார்த்தையால் தானே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பாடையைத் திருப்பிவைத்து மிச்சச் சடங்கை முடித்தாக வேண்டும். மறுநாள் இருட்டுக் கட்டும் நேரத்துக்கு ஏலமலையில் எல்லோரையும் வரச் சொன்னாள். புதுப்பாடை, சங்கு, சேகண்டி, எல்லாம் தயார்.

மறுநாள் மதியத்திலிருந்தே மழை. மலை தெரியாமல் மேகம் இறங்கி, தெருவிளக்கு சீக்கிரமே எரியத் தொடங்கிவிட்டது. சூர்யகலா ஹெட்செட்டை மாட்டினாள். திரையில் அவளுடைய வீடு, அதே ஓடு, அதே மழை. வாசலில் ஊரே கூடி நின்றது. சங்கு ஒருமுறை ஊதி ஓய்ந்தது.

"எங்க அவரு?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் வாசல்ல நின்னாருக்கா" என்றான் அருண்பாண்டி. அவன் குரலில் இப்போது கொண்டாட்டம் இல்லை. "கதவத் தட்டல. கொல்லப்பக்கம் சுத்திப் போயிட்டாரு."

அவள் மவுஸை நகர்த்தினாள். வீட்டின் பக்கச்சுவர் நகர்ந்தது. வாழை மரம். துவைகல். கொல்லைக் கதவு. திறந்திருந்தது.

கரண்ட் போனது.

இருட்டு. மழை. ஹெட்செட்டைக் கழற்றினாள். அடுக்களைப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம். துரு உரசும், நன்றாகத் தெரிந்த சத்தம். குளிர்காற்று தரையோடு வந்து கணுக்காலைத் தொட்டது. அதில் ஈரமண் வாசனை. பன்னீர் வாசனை. கசங்கிய செவ்வந்தி.

"வா அப்பு" என்றது அம்மாவின் குரல். "மெதுவா. தல இடிக்கும்."

ஏதோ கனமாகத் தரையில் சாய்ந்தது.

செல்போனைத் தேடினாள். கிடைத்தது. விளக்கு எரிந்தது. நடை. ஈரம். சேறு. இன்னும் ஈரம். அடுக்களை வாசல்.

மொக்கம்மாள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தலை. நனைந்து கறுத்த, பெரிய தலை. உடம்பு கதவைத் தாண்டி வெளியே மழைக்குள் நீண்டு கிடந்தது. எதுவரை என்று தெரியவில்லை. வாய் திறக்காதபடி தாடையையும் உச்சியையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அம்மாவின் விரல்கள் அந்த முடிச்சை நெருடிக்கொண்டிருந்தன.

"எந்தப் பாவி இப்பிடி இறுக்கிக் கட்டுனானோ" என்று அவள் முணுமுணுத்தாள்.

"அம்மா."

மொக்கம்மாள் நிமிர்ந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"யாரு தாயி? செத்த நில்லு. எம்மகன் என்னமோ சொல்லணுங்கிறான்."

முடிச்சு அவிழ்ந்தது. தாடை தொங்கியது. மொக்கம்மாள் குனிந்து, அந்த வாயருகே காதை வைத்தாள். சூர்யகலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, மழைதான் கேட்டது. அம்மா கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். கேட்கக் கேட்க, பாடைக்கு அளவெடுப்பவளைப் போல சூர்யகலாவை மேலும் கீழும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.