கல்லறை மெழுகு

விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய வேட்டியைத் திணித்த பிறகும் சுருதி ஏறியது.

பட்டப்பகல். தல்லாகுளத்து வீட்டின் முன்னறையில் கிருபாகரன் வியர்த்து ஊற்ற, தான் செய்த சின்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியின் திறந்த வயிற்றுக்குள் குனிந்திருந்தான். கோயிலில் பாடகர் குழுவும் கல்லூரியில் இயற்பியலும் நடத்துகிறவன். கல்லூரியிலிருந்து எடுத்துவந்த இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தால், கவையின் ஒலியும் பெட்டியின் ஒலியும் ஒட்டாமல் அதிர்ந்தன. நாளை கிறிஸ்துமஸ் பூசை. ஊரே கூடியிருக்கும்போது இது பிசகினால், தான் துரத்தியடித்த ஆர்மோனியத்தைத் தானே தூக்கிவர வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்றுதான் அவனுக்கு இருந்தது.

இழவு, சூடுதான் காரணம் என்பது அவனுக்குத் தெரியும். உள்ளே ஜோடியாக இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களில் லேசாகச் சூடு பட்டாலும் சுருதி ஏறிவிடும். பாடகர் குழுவுக்கு முன்னால் குனிந்து வாயால் ஊதி, சுருதியை ஏற்றிக் காட்டி வேடிக்கை செய்தவன் அவன். அதற்கு வைத்தியமாக அந்த ஜோடியைக் கட்டைவிரல் அளவு மெழுகுக்குள் புதைத்திருந்தான். மெழுகு சூட்டை உள்ளே விடாது.

மெழுகு கிடைத்தது கல்லறைத் திருநாளன்று. கோயில் ஆர்மோனியக்காரர் இன்னாசிமுத்து அடக்கமாகி ஒரு மாதம்கூட ஆகாத புதுக்கல்லறை. பாடகர் குழு மொத்தமும் அங்கே மெழுகுவத்தி ஏற்றியிருந்தது. உருகி வழிந்ததைச் சுரண்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டபோது, செத்தவருக்கு எதற்கு இம்புட்டு வெளிச்சம் என்று அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

இன்னாசிமுத்து ஆஸ்துமாக்காரர். அவரை நிறுத்திய அன்று எல்லோர் முன்னாலும் கிருபாகரன் சொன்னான்: "மூச்சு வாங்குற மனுசன், மூச்சு வாங்குற பெட்டி. ரெண்டுக்கும் இனி இங்க வேலை இல்லண்ணே."

அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மெல்ல மூடிக் கொக்கி மாட்டினார். "மூச்சு இல்லாம ஒண்ணும் பாடாது, தம்பி. இந்தப் புதுப் பெட்டிக்கும் வேணும். எங்கயாவது எடுத்துக்கிடும்."

இப்போது சுருதி ஏறியது. நின்றது. இறங்கியது. கரண்டில்தான் கோளாறு என்று பேட்டரியில் ஓட்டிப் பார்த்தான். வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். தன் மூச்சுதான் படுகிறதோ என்று சுவரோரம் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். அங்கிருந்தும் கேட்டது. நீளமாக ஏறி, பாதியில் சிக்கி, ஒரு விக்கலோடு மேலே போய், இழைந்து இழைந்து இறங்கும் அந்த நடையை அவன் பல ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறான், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், ஆர்மோனியத்தின் பின்னாலிருந்து.

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மெழுகுக் கட்டியின் மேல் கவிழ்த்தான். சுருதி ஏறியது. பாட்டிலின் உள்ளே ஆவி படிந்தது. சுருதி இறங்க, ஆவி கலைந்தது. மறுபடி படிந்தது.

பயம் வந்துவிட்டது. பயத்தின் மேலேயே கோபமும் வந்தது.

"செத்தும் விடமாட்டீகளா?"

பாட்டிலைத் தள்ளிவிட்டு, ஈயம் பற்றவைக்கக் காய்ந்துகொண்டிருந்த சால்டரிங் அயர்னை மெழுகில் குத்தினான். புகை எழுந்தது. மெழுகு நாற்றம், ஈரமண், வாடிய செவ்வந்தி, நெஞ்சுக்குத் தடவும் தைலம். முகத்தைத் திருப்புவதற்குள் புகை அவனுக்குள் போய்விட்டது.

சுருதி ஒரே இடத்தில் நின்றது.

கவையைத் தட்டினான். இரண்டும் ஒன்றாக ஒலித்தன. காத்திருந்தான். அசையவில்லை. ஜெயித்துவிட்டான்.

அடுப்படியிலிருந்து மனைவி ஞானம் கூப்பிட்டாள். "என்னங்க, சரியாயிருச்சா?"

ஆச்சு என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. புகை தொண்டையைப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியாக ஒரு சோதனை. மெழுகு உருகியதால் இப்போது டிரான்சிஸ்டர்கள் திறந்து கிடந்தன. குனிந்து ஊதினான்.

சுருதி ஏறவில்லை.

இன்னும் நெருங்கி ஊதினான். ஏறவில்லை. கன்னம் உப்பியது. உதடு குவிந்தது. எதுவும் வெளியே போகவில்லை.

நெஞ்சில் கை வைத்தான். நெஞ்சு அசையவில்லை.

பாட்டிலை எடுத்து அதன் வாயைத் தன் வாயோடு சேர்த்து அழுத்தினான். ஊதினான். உள்ளே கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

ஞானத்தின் காலடி. கதவிடுக்கு வேட்டியை வெளியிலிருந்து தள்ளினாள். "என்னங்க?"

அவன் அசையவில்லை. பாட்டிலின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிப்பக்கம். அவன் முகத்துக்கு நேர் எதிரே. யாருமில்லாத பக்கம்.

ஆவி படிந்தது. அதே இழுப்பு மூச்சின் நடையில் பாதியில் சிக்கியது. கலைந்தது. மறுபடி படிந்தது.