கழித்தல் குறி

இன்வெர்ட்டரின் கத்தல் தானாக நின்றுவிட்டது.

மத்தியானத்திலிருந்து பேட்டரி இறங்குகிறது என்று அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. நின்ற பிறகுதான் மற்ற சத்தங்கள் அவள் காதில் விழுந்தன. தகரக் கூரையில் மழை, கதவு இடுக்கில் காற்று, கட்டிலின் கால்மாட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இழுத்து இழுத்து விடும் மூச்சு, அதற்குச் சற்றுப் பின்தங்கி அவள் புருஷனின் மூச்சு.

யாரும் சார்ஜ் போடவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அடுப்பும் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளேயே இருக்கும் இந்தப் பழைய வண்டியில்தான் இருவரும் குடித்தனம். காலையில் ஆல்டர்னேட்டர் செத்துப்போனது. இனி இன்ஜினை ஓட்டினாலும் பேட்டரி ஏறாது. கூரைமேல் சோலார் பலகை இரண்டு நாளாக நனைந்துகொண்டிருப்பதோடு சரி. அவர் காலமெல்லாம் கல்லுடைத்தவர். தூசி நுரையீரலில் காரையாக இறுகிப்போய், மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்கமாட்டார். ஆம்புலன்ஸும், புது ஆல்டர்னேட்டரோடு கிளம்பிய அவள் தம்பியும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளம் வடியக் காத்துக்கிடந்தார்கள். அதுவரை பேட்டரி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அவர் இல்லை.

தம்பி வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவன். போனை ஸ்பீக்கரில் போட்டு மீட்டரைப் படித்தாள். பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட். மத்தியானம் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. மெஷின் ஓடும்போது இறங்கத்தான் வேண்டும், ஏறாது என்றான் அவன். எங்கோ டெர்மினல் லூசாக இருந்து மீட்டர் பொய் சொல்கிறதாம். கட்டிலுக்கு அடியில் பலகையைத் தூக்கினாள். பேட்டரிப் பெட்டியில் அமில நெடி வரவில்லை. ஈரக் கல்தூசி வாடை. அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாடை. டெர்மினலில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றித் துடைத்து, நட்டை இறுக்கினாள்.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

“குளிருது,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி வயரில் கவ்வச் சொன்னான் தம்பி. அதில் இருக்கும் அம்பு பேட்டரியை விட்டு வெளியே பார்க்க வேண்டும். கரண்ட் வெளியே போனால் வெறும் எண் வரும், உள்ளே வந்தால் முன்னால் கழித்தல் குறி நிற்கும். அவள் கவ்வினாள். கழித்தல் ஒன்பது.

“திருப்பி மாட்டியிருக்கே. கரண்டி புடிச்சு சுவர் கட்டுன கைக்கு அம்பு எங்க தெரியப்போகுது?”

“வந்து நீயே மாட்டு, பெரிய இன்ஜினியர்,” என்றாள். பார்க்காமலே திருப்பிக் கவ்வினாள். குறி மறைந்தது. இருவரும் சிரித்தார்கள்.

பிறகு, எது இழுக்கிறது என்று பார்க்க, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னான். விளக்கு. பம்ப். ஃபிரிட்ஜ். வண்டிக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக சோலார். பிடுங்கியதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டாள். ஒன்பது ஒன்பதாகவே நின்றது. பேட்டரியோடு மிச்சமிருந்தது இன்வெர்ட்டர் ஒன்றுதான். இன்வெர்ட்டரில் மிச்சமிருந்தது மெஷின்.

பதிமூன்று புள்ளி இரண்டு.

செல்போன் வெளிச்சத்தைக் கிளாம்பின்மேல் அடித்தாள். அம்பு பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் முதலில் மாட்டியதுதான் சரி.

கரண்ட் உள்ளே வருகிறது. இன்வெர்ட்டர் வயர் வழியாக. மெஷினிலிருந்து. வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே போனாள். மெஷினிலிருந்து குழாய். குழாயின் நுனி அவர் மூக்கில்.

கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. காலையில் இப்படி இல்லை.

காற்று வருகிறதா என்று பார்க்க நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. குழாய் நுனியைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வர வேண்டும். அவர் மூக்கிலிருந்து குழாயை எடுத்து டம்ளரில் முக்கினாள்.

குமிழி வரவில்லை.

டம்ளரில் தண்ணீர் குறைந்தது. குழாய்க்குள் மெல்ல ஏறி, வளைவு தாண்டி, மெஷினை நோக்கிப் போனது.

இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அவர் வாயைப் பிளந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலம் பாரித்தது.

“மாட்டு... மூச்சு முட்டுது... மாட்டும்மா.”

நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விரலை இழுத்தது அது. கன்றுக்குட்டி வாய் மாதிரி. அவர் முகத்தைத் தூக்கி, குழாய் இருக்கும் பக்கம் மூக்கை நீட்டினார்.

மாட்டிவிட்டாள்.

கத்தல் நின்றது.

“சத்தம் நின்னுடுச்சா?” என்றான் தம்பி. “எவ்வளவு காட்டுது?”

“பதிமூணு புள்ளி எட்டு.”

“அப்பாடா. எப்படி ஏறுதோ, மாமா பொழச்சாரு. இனிமே எதையும் தொடாதேக்கா. நான் வர்ற வரைக்கும் அப்படியே ஓடட்டும்.”

பிடுங்கிய ஃபியூஸெல்லாம் மடியில் கிடக்க, கட்டிலுக்கு மேலிருந்த விளக்கு சிவப்பாகத் துளிர்த்து, மஞ்சளாகி, வெள்ளையாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில், மெஷின் இழுக்க இழுக்க, அவருடைய இரண்டு கன்னங்களும் உள்ளே போய்க்கொண்டிருந்தன.